வலப்பக்கத்துப் பூ

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக மனசுக்குள் போட்டு உழப்பிக்கொண்டிருந்தேன். தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்து, அம்மன் பேரை மேலே எழுதி, அதற்குமேல் கை ஓடாமல் மடித்து வைத்த நாட்கள் நிறைய. பயந்தான் காரணம். அம்மனைப் பற்றித் தப்பாக எழுதிவிடுவேனோ என்று ஒரு பயம். இப்போது உயிரோடு இல்லாத ஒரு நல்ல மனுஷருக்கு என்னால் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்று இன்னொரு பயம். நான் எட்டாவது தேறி, வாத்தியார் டிரெயினிங் முடித்தவன். அவ்வளவுதான் படிப்பு. பிள்ளைகளுக்கு 'அ' போடச் சொல்லிக் கொடுத்தே காலம் போய்விட்டது. ஆகவே அழகாக எழுத வராது.

பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவு தாண்டி உள்ளே போகிற என் சொந்த ஊரில்தான் அப்போது எனக்கு வேலை. ஐம்பதுகளின் ஆரம்பம். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் உள்ள ஓட்டுக் கட்டடப் பள்ளிக்கூடம். எய்டட் பள்ளிக்கூடம் என்று சொல்வார்கள். அப்படியான பள்ளிக்கூடத்துக்கு ஒரு மேனேஜர் இருப்பார். கட்டடம் அவருடையது. வாத்தியாரை வைப்பதும் நிறுத்துவதும் அவர் கையில். சம்பளத்துக்கு சர்க்கார் கிராண்ட் கொடுக்கும். பிள்ளைகள் எவ்வளவு பேர் நிதம் வருகிறார்கள் என்று பார்த்துத்தான் அந்தக் கிராண்ட்.

எங்கள் மேனேஜர் வீட்டில் தெலுங்கும் வெளியில் எங்களைவிடச் சுத்தமான கோயமுத்தூர்த் தமிழும் பேசுகிறவர். தோட்டம் துரவு உண்டு. பருத்திக் கொட்டை நீக்குகிற ஜின்னிங் பேக்டரி ஒன்று வைத்திருந்தார். ஊர் அம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போவார். அம்மனிடம் பூக் கேட்காமல் ஒரு கிணறு வெட்டியதில்லை, ஒரு கல்யாணம் பேசியதில்லை.

அந்த வருஷங்களில் மழை பொய்த்துப் போயிற்று. கிணறுகளில் தண்ணீர் பாறைக்கு இறங்கிவிட்டது. சனங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, வேலை கிடைத்த இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். சில குடும்பங்கள் மலைமேல் எஸ்டேட்டுக்கே போய்விட்டன. பெஞ்சுப் பலகைகள் காலியாகக் காலியாக கிராண்ட் குறைந்தது, அந்தக் குறைந்ததும் வராமல் நின்றது. பருத்தி இல்லாமல் பேக்டரியும் பாதி நாள் சும்மா கிடந்தது. எங்களுக்குச் சம்பளம் வந்து மாசங்கள் ஆகிவிட்டன. மேனேஜர் ரெண்டு வகுப்பை ஒன்றாகச் சேர்த்து ஒரு வாத்தியாரை நிறுத்தப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது.

கடைசியாகச் சேர்ந்தவன் நான். நிறுத்தினால் என்னைத்தான்.

அப்போது இருந்த பயத்தை எப்படிச் சொல்வேன். பேக்டரி ஆள் சைக்கிளில் பள்ளிக்கூடப் பக்கம் வந்தால் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும் கை நின்றுவிடும். அவன் மணியை அடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போன பிறகுதான் மூச்சு வரும். வீட்டில் என் தாயார், சம்சாரம். கல்யாணமாகி அப்போதுதான் முதல் தடவையாகச் சம்சாரம் முழுகாமல் இருந்தாள். நாள் தள்ளிப் போனதை எங்கள் பக்கத்தில் உடனே வெளியில் சொல்ல மாட்டார்கள். என் தாயாருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மாமனார் வீட்டில் வேறு நல்ல இடங்கள் வந்தும், "மாப்ள வாத்தியாரு, பஞ்சத்துலயும் சம்பளம் வருமுங்க" என்று சொல்லி எனக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சோறு சாப்பிடும்போதெல்லாம் அந்த வார்த்தை ஞாபகத்துக்கு வரும்.

எங்கள் வாத்தியார் சங்கத்தின் வட்டாரச் செயலாளர் பொள்ளாச்சிப் பக்கத்து வாத்தியார். நெட்டையான ஆள். சாமி கும்பிடாதவர், ஆனால் கும்பிடுகிறவர்களை வைய மாட்டார், கேலி மட்டும் செய்வார். அவர் மேனேஜருக்குச் சொல்லி அனுப்பி, பேச்சு வார்த்தைக்கு நாள் வாங்கினார். எங்களிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஆரும் தனியாப் போயி அவருகிட்டப் பேசப்படாது. எல்லாரும் ஒண்ணாப் போவோம், ஒண்ணா வருவோம்."

பேக்டரி ஆபீஸ் அறையில்தான் பேச்சு. சுவரில், மின்விசிறியில், சாமி படத்துச் சட்டத்தில் எல்லாம் பஞ்சுத் துணுக்கு. மேனேஜர் எல்லோருக்கும் மோர் கொடுக்கச் சொன்னார். குடித்து முடித்ததும் அவரே ஆரம்பித்தார்.

"ஏனுங்க, நான் ஒளிச்சு வெச்சுப் பேசுலீங்க. கிராண்டு வருல. பேக்டரியும் ஓடுல. அஞ்சுக்கும் நாலுக்கும் ஒரே வாத்தியாரப் போட்டு, ஒருத்தர அனுப்பிச்சுப்போட்டா பள்ளிக்கூடம் நிக்கும். இல்லீன்னா எல்லாருக்கும் பூட்டுத்தான்."

"பள்ளிக்கூடம் நிக்கறதுக்கு வாத்தியாரக் கழிக்கறதுன்னா, ஊடு நிக்கறதுக்குத் தூண ஒடைக்கற மாதிரியில்லீங்களா?" என்றார் செயலாளர்.

"நீங்க பேச்சுல ஆளக் கட்டிப்போடுவீங்க. எனக்குப் பேச்சு வராது. வழி சொல்லுங்க."

செயலாளர் வழி சொன்னார். யாரையும் நிறுத்தக் கூடாது, கிராண்ட் வரும் வரைக்கும் மேனேஜர் தன் தானியக் குதிரிலிருந்து சோளம் கொடுத்து வாத்தியார் வீட்டு அடுப்பை அணையாமல் பார்க்க வேண்டும், கிராண்ட் வந்ததும் கழித்துக்கொள்ளலாம், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சோளம் தன் பண்ணையாட்களுக்கே காணாது என்றார். செயலாளர் விடவில்லை. பேச்சு சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது. பொழுது சாய்ந்தபோது மேனேஜர் எழுந்து நின்றார்.

"இது நாம பேசி முடியாதுங்க. வெள்ளிக்கெழம அம்மங்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம். அம்மன் அனுப்பச் சொன்னா அனுப்பறேன். வேண்டாம்னா வெச்சுக்கறேன்."

"அம்மன் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுவாங்களாங்க?" என்றார் செயலாளர்.

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பெரிய வாத்தியார், அவர் ஓய்வு பெறும் வயசை நெருங்கியவர், சரி என்கிற மாதிரி கையைக் கூப்பிவிட்டார். செயலாளர் என் பக்கம் திரும்பினார்.

"உம்பட வேலயத்தானப்பா பேசிக்கிட்டிருக்கறம். நீ என்ன சொல்றே?"

வேண்டாம் என்று சொன்னால் அம்மனையே வேண்டாம் என்ற மாதிரி. சரி என்று சொன்னால் சங்கம் பேசியதெல்லாம் வீண். ஆனால் சின்ன வயசிலிருந்து அம்மை கண்டாலும் காய்ச்சல் கண்டாலும் அந்தச் சந்நிதியில் கிடந்து எழுந்தவன் நான். "அம்மன் சொன்னாக் கேட்டுக்கறனுங்க" என்று என் வாயிலிருந்து வந்தது. செயலாளர் மோர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் சம்சாரம் சோறு போடுகிற கையை நிறுத்திவிட்டாள்.

"நம்ம சங்கதிய அம்மங்கிட்ட நாம கேக்கலாமுங்க. அவரு எதுக்குங்க கேக்கறாரு?"

"அவரு மேனேஜரு."

"அம்மனுக்குமா?"

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் தினமும் கோயிலுக்குப் போனேன். அம்மனிடம் என்ன வேண்டிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. என் பக்கம் பூக் கொடு என்று வேண்டினால் அது அம்மனுக்கு லஞ்சம் பேசுவது மாதிரி இருந்தது. அதனால் பேசாமல் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

பூக் கேட்பது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பூசாரி அம்மனுக்குத் தண்ணீர் வார்த்து, ஈரம் காய்வதற்குள் வலது தோளில் ஒரு பூவும் இடது தோளில் ஒரு பூவும் ஒட்ட வைப்பார். கேட்க வேண்டியவர் கேள்வியை வாய்விட்டுச் சொல்வார். வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் செய்யலாம் என்று அர்த்தம். இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். கல் காயக் காயப் பூ தானே விழும்.

வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் எல்லோரும் போனோம். செயலாளரும் வந்திருந்தார். அவர் மட்டும் உள்ளே வராமல், செருப்புக் காலோடு கோயிலுக்கு வெளியே விளக்குக் கம்பத்து நிழலில் நின்றுகொண்டார். பூசாரி ரெண்டு மஞ்சள் செவந்திப் பூவை வைத்தார். மேனேஜர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார்.

"தாயி, பள்ளிக்கூடம் நல்லபடியா நிக்கறதுக்கு ஒரு வாத்தியார அனுப்பிச்சுப்போடலாமா?"

காத்திருந்தோம். வலப்பக்கத்துப் பூவைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. கற்பூரம் எரிந்து தணிந்தது. தோளில் ஈரம் வற்றி, கல் வெளிறியது. ஒரு பூவும் அசையவில்லை. பக்கத்தில் பெரிய வாத்தியார் கண்ணை இறுக மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பூசாரி ஒருதரம் அம்மனைப் பார்த்தார், ஒருதரம் மேனேஜரைப் பார்த்தார்.

"கேள்வி வகையா இல்லீங்க" என்றார். "ரெண்டக் கட்டி ஒண்ணா வெச்சுப்போட்டீங்க. பள்ளிக்கூடம் நிக்கறது ஒண்ணு. ஆள அனுப்பறது ஒண்ணு. எதுக்குன்னு அம்மன் சொல்லுவா?"

வெளியிலிருந்து செயலாளர் குரல் வந்தது. "அதைத்தானுங்க அன்னிக்கி நானும் கேட்டன். ஆள அனுப்பிச்சா பள்ளிக்கூடம் நிக்கும்னு ஆரு சொன்னாங்க?"

"நீங்க செருப்போட நின்னுக்கிட்டு சந்நிதிக்குக் கேள்வி சொல்லாதீங்க" என்றார் மேனேஜர், திரும்பாமலே.

"சரீங்க. நீங்களே சொல்லுங்க."

பூசாரி மறுபடி தண்ணீர் வார்த்து, அதே பூக்களை ஒட்டினார். "ஆரத் தொட்டுக் கேக்கறீங்களோ அவரு முன்னால வந்து நிக்கோணும். பேரும் ஊடும் சொல்லிக் கேக்கோணுங்க. அப்பத்தான் பூ வரும்."

பெரிய வாத்தியார் என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். நான் மேனேஜருக்குப் பக்கத்தில் போய், அம்மனுக்கு நேராகக் கைகூப்பி நின்றேன். அவர் மூச்சு எனக்குக் கேட்டது. அவர் என்னை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

"ஊட்டுல ஆராரு?" என்று பூசாரி என்னைக் கேட்டார்.

அந்த இடத்தில் மறைக்க முடியுமா. "அம்மா இருக்குதுங்க. சம்சாரம்" என்றேன். பிறகு, "சம்சாரம் முழுகாம இருக்குதுங்க" என்றேன்.

மேனேஜர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "அத எனக்கு ஆருஞ் சொல்லுலியே."

"எங்க கோரிக்கையில அந்தச் சங்கதி இல்லீங்க" என்று வெளியிலிருந்து பதில் வந்தது. குரலில் கேலி இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பூசாரி காத்திருந்தார். மேனேஜர் வாயைத் திறந்தார். என் பேரைச் சொன்னார். என் அப்பா பேரைச் சொன்னார். "இந்த ஊட்டுல" என்றார். அதோடு நின்றுவிட்டார். மறுபடியும் என் பேரிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. நான் அம்மன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லித் தொலைத்துவிட்டால் தேவலை என்று இருந்தது, சொல்லக் கூடாதே என்றும் இருந்தது.

"நான் கேக்குலீங்க" என்றார் மேனேஜர். "கேள்வியத் திருப்பிக்கறேன் தாயி."

பூசாரி, "திருப்பிக்கிட்டீங்களா?" என்று ஒருதரம் உறுதியாகக் கேட்டார்.

"திருப்பிக்கிட்டேன்."

அப்புறம் அவர் வாசல் பக்கம் திரும்பி, "ஏனுங்க செயலாளரே, இங்கயே பேசிப்போடலாம் வாங்க. ஊட்டுக்குப் போனா எனக்கு மனசு மாறிப்போகும்" என்றார்.

செயலாளர் வாசல்படி வரைக்கும் வந்து நின்றார். சந்நிதியில் வைத்தே பேச்சு முடிந்தது. யாரையும் நிறுத்துவதில்லை. கிராண்ட் வரும் வரைக்கும் சோளம் கொடுப்பது. பண்ணையாட்களுக்குப் போக மிச்சத்தில்தான், அளவு பார்த்துத்தான் என்று மேனேஜர் கேட்டுக்கொண்டார், செயலாளர் அதற்கு இறங்கி வந்தார். எங்கள் பங்குக்கு நாங்கள் தினமும் காலையில் வீடு வீடாக, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்து வருகையைத் தூக்கிக் காட்ட வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். தூணைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போதுதான் நான் சொல்ல வந்த இடம்.

பேச்சு முடிந்ததும் பூசாரி தோளிலிருந்த பூக்களை எடுக்கக் கையை நீட்டினார். அவர் கை படுவதற்கு முன்னால் ஒரு பூ விழுந்தது. வலப்பக்கத்துப் பூ. அம்மன் மடியில் பட்டு, பீடத்தில் விழுந்து, மேனேஜர் காலுக்கும் என் காலுக்கும் நடுவில் வந்து நின்றது.

பெரிய வாத்தியார் மறுபடி கண்ணை மூடியிருந்தார். மற்றவர்கள் வாசலில் செயலாளரைச் சுற்றி நின்றார்கள். பார்த்தது பூசாரி, மேனேஜர், நான் மட்டும். மேனேஜர் முகம் சாம்பல் மாதிரி ஆகிவிட்டது. என் முகம் எப்படி இருந்ததோ. அவர் வாயைத் திறந்தால் என் வேலை போயிற்று என்று எனக்குத் தெரியும். அவர் பூவைப் பார்த்தார், பூசாரியைப் பார்த்தார்.

"கேள்விய எடுத்தாச்சுங்களே" என்றார், மெதுவாக, கேட்கிற மாதிரி.

"எடுத்தாச்சுங்க" என்றார் பூசாரி. குனிந்து அந்தப் பூவை எடுத்து, விபூதியோடு சேர்த்து என் கையில் வைத்தார். "பிரசாதம். ஊட்டுக்குக் கொண்டு போ கண்ணு."

வெளியே வந்தபோது செயலாளர் வெறுங்காலோடு நின்றிருந்தார். செருப்பு ரெண்டும் விளக்குக் கம்பத்துக்கு அடியில் கிடந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "வார் அறுந்துபோச்சு" என்றார். பிறகு அதை மாட்டிக்கொண்டு நன்றாகத்தான் நடந்து போனார்.

அந்தப் பூவை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில், கிணற்றில் போட்டுவிடலாமா என்று நின்றேன். பிரசாதத்தை எப்படிப் போடுவது. வீட்டுக்குள்ளும் எப்படிக் கொண்டு போவது. சம்சாரம் வாசலிலேயே நின்றிருந்தாள். வேலை போகவில்லை என்று சொன்னதும் என் தாயார் வடக்கே கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார். என் முகத்தைப் பார்த்த சம்சாரம் மட்டும் கும்பிடவில்லை.

"எந்தப் பக்கம் உழுந்துச்சுங்க?"

"கேள்விய எடுத்த பொறகு உழுந்துச்சு."

"எந்தப் பக்கமுங்க?"

சொன்னேன். அவள் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை, அவளே மடியை அவிழ்த்து எடுத்தாள். கொஞ்சம் வாடியிருந்தது. தலையில் வைத்துக்கொண்டாள்.

"எம்பேருல கேள்வி இல்லீங்க. எனக்குப் பூதான் வந்துருக்குது. நீங்க வெசனப்படாதீங்க" என்றாள். ஆனால் அன்றைக்கு முழுக்க அவள் அந்தப் பூவை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் மழை வந்தது, பிந்தித்தான் வந்தது. அதுவரைக்கும் மேனேஜர் சோளம் கொடுத்தார். குதிர் அடிமட்டத்துக்குப் போன பிறகு, அவர் வீட்டிலேயே களிதான் கிண்டினார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். காலையில் தோட்டம் தோட்டமாக நடந்து பிள்ளைகளைக் கூட்டி வந்தோம். கிராண்டும் ஒருவழியாக வந்தது. ஆனால் என் பயம் போகவில்லை. அம்மன் அனுப்பு என்று சொல்லியும் இருந்துவிட்டேனோ, அதற்குக் கூலி சம்சாரத்தின் வயிற்றில் வந்து விழுமோ என்று, வயிறு பெரிதாகப் பெரிதாக என் பயமும் பெரிதாயிற்று. பிரசவத்தன்று கோயில் வாசலில் போய் நின்றேன், உள்ளே போகத் தைரியம் வரவில்லை. அங்கே மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். அவரும் உள்ளே போகவில்லை. என் சம்சாரத்துக்கு வலி கண்ட சேதி அவருக்கு எப்படித் தெரிந்ததோ. ரெண்டு பேரும் வெயிலில் நின்றோம். என் தாயார் ஆள் அனுப்பிச் சேதி சொன்னார். பெண் குழந்தை, ரெண்டு உயிரும் நலம். மேனேஜர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பப் போலாமுங்க வாத்தியாரே" என்றார். ரெண்டு பேரும் சேர்ந்து உள்ளே போனோம்.

அந்தப் பூவைப் பற்றி அவரும் நானும் கடைசி வரைக்கும் பேசவில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், ஊரில் இந்தக் கதை ரெண்டு விதமாக ஓடுகிறது. அம்மன் நோம்பித் திருவிழாவின்போது பேசுகிறவர்கள், அம்மன் இடப்பக்கம் பூக் கொடுத்து வாத்தியாரைக் காப்பாற்றினாள் என்கிறார்கள். சங்கத்துக் கூட்டங்களில், சங்கத்துக்குப் பயந்து மேனேஜர் பணிந்துவிட்டார் என்கிறார்கள். ரெண்டும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ரெண்டிலும் அந்த மனுஷர் சந்நிதியில் என் பேரைச் சொல்லிவிட்டு, மேலே சொல்ல முடியாமல் நின்ற நேரம் இல்லை. பூ விழுந்ததைப் பார்த்தும் வார்த்தையை மாற்றாமல் அவர் சுமந்த பயமும் இல்லை. எனக்காவது பாதிப் பயந்தான், கேள்வியைக் கேட்டதும் எடுத்ததும் அவர், அவருக்கு முழுப் பயம்.

அம்மன் எதற்காக அந்தப் பூவைத் தள்ளினாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. தினமும் விளக்கு வைக்கும்போது கேட்கிறேன்.

இதைப் படிக்கிற நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்கோ, கூட வேலை பார்க்கிறவர்களுக்கோ சொல்வதாக இருந்தால், தயவு செய்து அந்தப் பூவை இடப்பக்கத்துக்கு மாற்றிவிடாதீர்கள். கேள்வியைத் திருப்பிக்கொண்ட பிறகு, வலப்பக்கத்தில்தான் விழுந்தது. அப்படியே சொல்லுங்கள்.